பெங்குவின் காதலித்ததா, நாம் காதலித்தோமா?

கடந்த மாதம் ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் வாரத்தில் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், படிவம் நான்கு மாணவி ஒருத்தி அருகே வந்து தயங்கி நின்றாள். "சார், ஒரு கேள்வி. ஆனா சிரிக்கக் கூடாது" என்றாள். சிரிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவளுக்கு ஓர் அனிமே தொடரில் வரும் பாத்திரத்தை மிகவும் பிடிக்குமாம். கதையில் அந்தப் பாத்திரம் இறந்தபோது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். வகுப்பில் விஷயம் தெரிந்து, 'இல்லாத ஆளுக்கு அழுவுறா' என்று புலனக் குழுவில் கேலிப்படம் போட்டுவிட்டார்களாம். "எனக்கு மூளையில ஏதாவது கோளாறா சார்?"

"கோளாறெல்லாம் ஒன்றும் இல்லை, தைரியமாகப் போ" என்று சொல்லி அனுப்பினேன். அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். கேலிப்படம் போட்டவர்களும் படிக்கட்டும். இந்தப் பதிலில் மனிதர்களைவிட விலங்குகள்தான் அதிகம் வரும்.

முதலில் ஒரு பெங்குவின். ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில் தோபு விலங்கியல் பூங்கா இருக்கிறது. அங்கே கிரேப் என்ற பெயரில் ஓர் ஆண் ஹம்போல்ட் பெங்குவின் இருந்தது. (ஹம்போல்ட் பெங்குவின்களுக்குப் பனிக்கட்டி தேவையில்லை. அவை பெரு, சிலி நாடுகளின் கடலோரத்தைச் சேர்ந்தவை.) 2017-இல் அந்தப் பூங்கா 'கெமோனோ பிரெண்ட்ஸ்' என்ற அனிமே தொடருடன் சேர்ந்து ஒரு விளம்பர ஏற்பாடு செய்தது. விலங்குகளையெல்லாம் பெண்களாக உருவகித்துக் காட்டும் தொடர் அது. பூங்கா முழுவதும் அந்தந்த விலங்கின் இருப்பிடத்தில் அதற்குரிய பாத்திரத்தின் அட்டைப் படத்தை நிறுத்தினார்கள். பெங்குவின் வளாகத்தில் ஹுலுலு என்ற பாத்திரத்தின் அட்டை வந்து நின்றது.

கிரேப் அந்த அட்டையின் முன்னால் போய் நின்றது. அண்ணாந்து பார்த்தது. மணிக்கணக்கில் பார்த்தது. மறுநாளும் பார்த்தது. படம் இணையத்தில் பரவியது. அதற்கு முன்பு கிரேப்புடன் இணையாக இருந்த பெண் பெங்குவின் வேறோர் ஆணுடன் சேர்ந்துவிட்டது என்ற பின்கதையும் கூடவே பரவியது. அவ்வளவுதான். உலகம் உருகிவிட்டது. 'துணையால் கைவிடப்பட்ட முதிய பெங்குவின், அட்டைப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்தது' என்று செய்தி போட்டார்கள். ஹுலுலுவுக்குக் குரல் கொடுத்த நடிகை நேரில் வந்து பார்த்தார். அதே ஆண்டு அக்டோபரில் 21 வயதில் கிரேப் இறந்தது. பெங்குவினுக்கு அது முதிர்ந்த வயது. கடைசி நாள்களில் நோயுற்றிருந்தபோது பராமரிப்பாளர்கள் அந்த அட்டையை அதன் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள்.

இந்தப் பத்திகளை முதலில் எழுதியபோது 'அவன் பார்த்தான்', 'அவன் இறந்தான்' என்றுதான் எழுதியிருந்தேன். பிறகு 'அது' என்று மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்பதைச் சொல்லும் முன் ஒரு வண்டைப் பார்த்துவிட்டு வருவோம்.

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் பொன்வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வண்டு ஒன்று உண்டு. 'ஜுலோடிமார்ஃபா பேக்வெல்லி' என்பது அதன் அறிவியல் பெயர். ஆண் வண்டு பறந்து பறந்து துணையைத் தேடும். பெண் வண்டு பறக்காமல் தரையில் இருக்கும். பெண்ணின் உடல் பெரியது. பளபளக்கும் பழுப்பு நிறம். முதுகின் மேலோட்டில் சிறுசிறு குழிகள். வெயில் பட்டால் அவை மினுங்கும். 1981-இல் டாரில் குவின், டேவிட் ரென்ட்ஸ் என்ற இரு பூச்சியியலாளர்கள் ஒரு சாலையோரம் நடந்துபோனபோது, யாரோ வீசிப்போன பீர்ப் புட்டி ஒன்றின் மேல் ஆண் வண்டு ஒன்று ஏறி அமர்ந்திருப்பதைக் கண்டார்கள். அது அந்தப் புட்டியுடன் இணைசேர முயன்றுகொண்டிருந்தது.

குட்டையான பழுப்பு நிறப் புட்டி. அடிப்பகுதியில் வரிசையாகச் சிறுசிறு புடைப்புகள். வெயில் பட்டால் மினுங்கும். வண்டின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பெரியது, பழுப்பு, பளபளப்பு, மேடுபள்ளம். தேவையான எல்லாக் குறிகளும் இருக்கின்றன. அதுவும் உண்மையான பெண்ணிடம் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கின்றன.

ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு புட்டிகளைத் திறந்தவெளியில் வைத்தார்கள். அரை மணி நேரத்துக்குள் அவற்றில் இரண்டை வண்டுகள் தேடி வந்துவிட்டன. புட்டிக்குள் பீர் ஒரு சொட்டும் இல்லை. ஆகவே வாசனை காரணமல்ல. வேறு நிறத்தில் கிடந்த ஒயின் புட்டியை வண்டுகள் சீண்டவில்லை. இன்னொன்றையும் எழுதி வைத்தார்கள். புட்டியில் ஏறிய வண்டு தானாக இறங்குவதில்லை. ஆய்வாளர்கள் கையால் பிடித்து அகற்ற வேண்டியிருந்தது. எறும்புகள் மொய்த்துக் கடித்தபோதும் ஒரு வண்டு விடவில்லை. 1983-இல் வெளிவந்த இந்த ஆய்வுக்கு 2011-இல் 'இக் நோபல்' பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசு அது. நான் சிரித்தேன். பிறகு அந்த எறும்புகளை நினைத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

வண்டு முட்டாள் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த வண்டின் முன்னோர் வாழ்ந்த காலமெல்லாம் அந்த மண்ணில் பெரியதாய், பழுப்பாய், மினுமினுப்பாய் இருந்த ஒரே பொருள் பெண் வண்டுதான். ஆகவே 'அப்படி ஒன்றைக் கண்டால் போ' என்ற எளிய விதி போதுமானதாக இருந்தது. இதற்கெல்லாம் கூடுதல் மூளை செலவழிப்பது வீண். ஒருநாள் மனிதன் வந்து காரிலிருந்து புட்டியை வீசுவான் என்று பரிணாமத்துக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

இத்தகைய போலிகளுக்கு அறிவியலில் 'மிகைத் தூண்டல்' என்று பெயர். இதைப் படிப்படியாகச் சோதித்தவர் நெதர்லாந்தில் பிறந்த நிக்கோ டின்பெர்கன். கடற்காகக் குஞ்சு பசித்தால், தாயின் மஞ்சள் அலகில் உள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தும். தாய் உணவைக் கக்கிக் கொடுக்கும். டின்பெர்கன் குழு ஒரு மெல்லிய சிவப்புக் குச்சியை எடுத்து, நுனியில் மூன்று வெள்ளை வளையங்கள் தீட்டிக் குஞ்சுகளிடம் நீட்டியது. தலை இல்லை, கண் இல்லை, இறகு இல்லை. ஆனால் அசல் அலகைப் போலச் செய்த மாதிரியைவிட இந்தக் குச்சியைத்தான் குஞ்சுகள் அதிகம் கொத்தின! விலங்குகளின் நடத்தையைப் பற்றிய ஆய்வுகளுக்காக 1973-இல் டின்பெர்கனும் கோன்ராட் லோரென்ஸும் கார்ல் ஃபான் ஃபிரிஷும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இப்போது உங்கள் கைப்பேசியில் இருக்கும் அனிமே படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகத்தில் கண் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது? மூக்கு எங்கே போயிற்று? பெரிய தலை, அகன்ற நெற்றி, பெரிய கண், சிறிய மூக்கு, உப்பிய கன்னம் ஆகியவை குழந்தையின் முகக் குறிகள் என்றும், அவற்றைக் கண்டதும் நமக்குள் தூக்கிக் கொஞ்சும் உணர்வு எழுகிறது என்றும் 1943-லேயே லோரென்ஸ் எழுதினார். ஓவியர்களுக்கு இது படிக்காமலே தெரிந்திருக்கிறது. ஸ்டீபன் ஜே கோல்ட் என்ற உயிரியலாளர் 1979-இல் மிக்கி மவுஸை அளவுகோலால் அளந்து பார்த்தார். 1928-இல் திரைக்கு வந்த மிக்கியைவிடப் பிற்கால மிக்கி குழந்தைத்தனமாக இருந்தது. கண்ணின் அளவு தலை நீளத்தில் 27 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக வளர்ந்திருந்தது. எலிக்கு வயது ஏற ஏற உருவம் இளமையாகிக்கொண்டே போயிருக்கிறது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்துச் செய்ததில்லை. எது பிடித்ததோ அது நிலைத்தது.

அப்படியானால் நாமும் புட்டியில் ஏறிய வண்டுகள்தானா? வேறுபாடு இருக்கிறது. அந்த மாணவிக்குத் தன் நாயகன் வரைந்த படம் என்பது நன்றாகத் தெரியும். வண்டுக்குத் தெரியாது. தெரிந்தும் அவள் ஏன் அழுதாள் என்பதுதான் கேள்வி. அதற்குக் கண்ணின் அளவு மட்டும் காரணமாக முடியாது.

1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். இரண்டரை நிமிடம்தான் ஓடும். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு சிறிய வட்டம், கதவுபோல் திறந்து மூடும் ஒரு கட்டம். முக்கோணங்களும் வட்டமும் அங்குமிங்கும் நகர்கின்றன. வேறெதுவும் இல்லை. 34 பேருக்குப் படத்தைக் காட்டி, பார்த்ததை எழுதச் சொன்னார்கள். ஒரே ஒருவர் மட்டும் 'பெரிய முக்கோணம் கட்டத்துக்குள் போனது' என்கிற பாணியில் எழுதினார். மற்ற அனைவரும் அவற்றை உயிருள்ளவைபோல வைத்தே எழுதினார்கள். பெரிய முக்கோணம் முரடன், சின்ன முக்கோணம் வீரன், வட்டம் பயந்த பெண் என்று எழுதியவர்கள் பலர். வெறும் முக்கோணத்துக்கு மனம், பயம், கோபம் எல்லாம் வந்துவிட்டன.

நம் மூளை அப்படிப்பட்டது. நகர்வதைக் கண்டால் 'இதற்கு என்ன வேண்டும்?' என்று கேட்கும். விடை கிடைக்காவிட்டால் தானே ஒன்றை எழுதிக்கொள்ளும். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால், அம்மா கதவைச் சற்று வேகமாகச் சாத்தியதும் 'கோபமாக இருக்கிறார்' என்று உங்களால் புரிந்துகொள்ள முடியாது. நண்பன் பேசாமல் இருப்பதைப் பார்த்து 'என்னவோ நடந்திருக்கிறது' என்று ஊகிக்க முடியாது. யாருடைய மனத்தையும் நாம் நேரே பார்த்ததில்லை. முகத்தையும் அசைவையும் வைத்து உள்ளே ஓர் ஆளை எழுதிக்கொள்கிறோம். அதே எழுத்தாளன்தான் மூளைக்குள் உட்கார்ந்து அனிமே நாயகனையும் எழுதுகிறான். ஆகவே கற்பனைப் பாத்திரத்துக்காக அழுகிறவளின் மூளையில் கோளாறு தேட வேண்டியதில்லை. மனிதரைப் புரிந்துகொள்ளும் அந்தக் கருவி அவளிடம் நன்றாகவே ஓடுகிறது.

இது அனிமே பார்க்கும் தலைமுறைக்கு மட்டும் வந்த நோயென்று நினைக்கும் பெரியவர்களுக்கு என் அத்தையை அறிமுகப்படுத்த வேண்டும். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' கதையின் வந்தியத்தேவனை, எழுபது வயதிலும் அவர் முன்னால் யாரும் குறை சொல்ல முடியாது. 2022-இல் திரைப்படம் வந்தபோது ஆசையாகப் போனவர், "இவன் அவனில்லை" என்று இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டார். ஒருநாளும் நேரில் காணாத ஒருவனின் முகம் அவருக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது! இங்கிலாந்திலும் இதே கதைதான். ஆர்தர் கோனன் டாயல் 1893-இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார். வாசகர்கள் விடவில்லை. கடைசியில் 1903-இல் அவரை உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இப்போது பெங்குவினுக்குத் திரும்புவோம். கிரேப் செய்ததென்ன? ஓர் அட்டையின் முன் நின்றது, பார்த்தது. கண்ணால் கண்டது அவ்வளவுதான். மீதமுள்ள துரோகம், தனிமை, கடைசிக் காதல் எல்லாவற்றையும் எழுதியவர்கள் நாம். அட்டைப் படத்தில் ஒரு பெங்குவினும் தெரியவில்லை. மனிதப் பெண் உருவம்தான் தெரிந்தது. தன் இடத்தில் திடீரென முளைத்த ஒரு புதிய உயரமான பொருளை அது உற்றுப் பார்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். முக்கோணத்தைப் பார்த்தவர்கள் செய்ததைத்தான் நாமும் செய்தோம். அட்டையில் இருந்த கற்பனைப் பாத்திரத்தைப் பெங்குவின் காதலித்ததோ இல்லையோ, 'கிரேப்' என்ற கற்பனைப் பாத்திரத்தை நாம் காதலித்தது உறுதி. 'அவன்' என்று எழுதியதை 'அது' என்று மாற்றியது இதனால்தான். மாற்றியபோது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

விலங்குகளுக்குப் பற்று என்பதே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வட அமெரிக்காவின் ஹூப்பிங் கிரேன் எனப்படும் வெண்ணிறப் பெருங்கொக்கைப் பாருங்கள். 1941-இல் அந்த இனத்தில் மொத்தமே இருபது சொச்சம் பறவைகள்தான் மிஞ்சியிருந்தன. டெக்ஸ் என்ற பெண் கொக்கு 1967-இல் ஒரு விலங்கியல் பூங்காவில் பொரிந்து, மனிதர் கையில் வளர்ந்தது. பொரிந்ததும் முதலில் பார்த்துப் பழகியவரைத் தன் இனம் என்று மனத்தில் பதித்துக்கொள்வது இத்தகைய பறவைகளின் இயல்பு. ஆகவே டெக்ஸுக்கு ஆண் கொக்குகளைப் பிடிக்கவில்லை, மனித ஆண்களைத்தான் பிடித்தது. அதன் மரபணுவை இழக்க அந்த இனத்தால் இயலாது. எனவே ஜார்ஜ் ஆர்ச்சிபால்ட் என்ற கொக்கு ஆய்வாளர் விஸ்கான்சினில் அந்தப் பறவையின் பக்கத்திலேயே குடில் போட்டுத் தங்கினார். இனப்பெருக்கக் காலத்தில் கைகளைச் சிறகுபோல் விரித்துக் குதித்துக் குதித்து அதனுடன் கொக்கு நடனம் ஆடினார்! நடனம் ஆடினால்தான் முட்டையிடும் அளவுக்கு அதன் உடல் தயாராகும். செயற்கை முறையில் கருவூட்டினார்கள். சில ஆண்டுகள் முயன்ற பிறகு 1982-இல் ஒரு குஞ்சு பொரிந்தது. ஜீ விஸ் என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்து பல குஞ்சுகளுக்குத் தந்தையானது.

டெக்ஸின் பாடத்தைக் கற்றுக்கொண்ட கொக்குப் பராமரிப்பாளர்கள், இன்று குஞ்சு வளர்க்கும்போது உடல் முழுவதையும் மூடும் வெள்ளை அங்கி அணிகிறார்கள். கையில் கொக்குத் தலை வடிவப் பொம்மையை மாட்டிக்கொண்டு உணவு ஊட்டுகிறார்கள். வாய் திறந்து பேசுவதில்லை. அதாவது, குஞ்சுக்காக மனிதர்கள் ஒரு கற்பனைக் கொக்காக வேடம் போடுகிறார்கள். கற்பனைப் பாத்திரம் ஓர் உயிரினத்துக்கு நன்மை செய்த இடம் இது. ஏனென்றால் குஞ்சுக்கு எது தேவை என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு வேடத்தைத் தைத்திருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. இங்கேதான் 'பிடித்திருந்தால் என்ன தப்பு?' என்று கேட்பவர்களுடன் நான் சற்று முரண்படுகிறேன். பிடிப்பது தப்பில்லை. அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நம் காட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தேவாங்கு; மலாயில் கொங்காங். தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரில் எஞ்சியுள்ள காட்டிலும் வாழும் இரவு விலங்கு. உருண்டை முகம், மிகப் பெரிய கண்கள். அனிமே ஓவியர் வரைந்ததுபோலவே இருக்கும். 2009-இல் ஒரு தேவாங்கைக் கட்டிலில் வைத்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் காணொளி பரவியது. கையை உயர்த்திக்கொண்டு அது அசையாமல் இருக்கும். பார்த்தவர்கள் பலர் 'அதற்குப் பிடித்திருக்கிறது, இன்னும் கேட்கிறது' என்று மகிழ்ந்தார்கள். உண்மையில், உலகில் நச்சு உள்ள மிகச் சில பாலூட்டிகளில் தேவாங்கும் ஒன்று. முழங்கைக்கு அருகில் உள்ள சுரப்பியின் நீரை நக்கி, எச்சிலுடன் கலந்து கடிக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்குவது அந்தச் சுரப்பியை வாய்க்கருகே கொண்டுவரும் தற்காப்பு நிலை. கொஞ்சுகிறது என்று நாம் எழுதிக்கொண்டோம். அது பயந்துகொண்டிருந்தது.

அந்தக் கற்பனைக்கு விலை கொடுத்தது தேவாங்கு. வளர்ப்பதற்காகக் காட்டிலிருந்து பிடிக்கிறார்கள். கடிக்காமல் இருக்கப் பல்லை வெட்டுகிறார்கள், மயக்க மருந்துகூட இல்லாமல். புண் சீழ்பிடித்துப் பல இறந்துபோகின்றன. 2007-லேயே இவற்றின் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டுவிட்டது. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இவை முழுப் பாதுகாப்புப் பெற்றவை. இருந்தும் 'கியூட்' என்று நாம் அழுத்தும் ஒவ்வொரு விருப்பக்குறியும் விற்பவனுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது.

இன்னொரு வகை இருக்கிறது. அங்கே விலை கொடுப்பவர் நாமாகவே இருக்கலாம். 1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுபவர்கள்மீது மக்கள் கொள்ளும் ஒருவழி உறவைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று 'தனித்த பெண்' என்ற அமெரிக்க வானொலி நிகழ்ச்சி. ஒரு பெண் குரல், கேட்கும் ஒவ்வோர் ஆணிடமும் 'உன்னிடம் மட்டும்தான் பேசுகிறேன்' என்பதுபோல் பேசும். திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தனவாம். ஆனால் அந்தக் குரலுக்கு யாருடைய பேரும் தெரியாது. வானொலியை அணைத்தால் முடிந்தது.

இன்றைய செயலிகளில் அந்தக் குரலுக்கு உங்கள் பெயர் தெரியும். நீங்கள் விரும்பும் பாத்திரத்தின் பெயரிலேயே அது உரையாடும். நள்ளிரவு இரண்டு மணிக்கும் பதில் வரும். சலித்துக்கொள்ளாது. 'இன்றைக்கு எனக்கு நேரமில்லை' என்று சொல்லாது. அந்தப் பொன்வண்டை நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பெண் வண்டு ஏற்றுக்கொள்ளும், அல்லது நகர்ந்துவிடும். புட்டி இரண்டையும் செய்யாது. அதனால்தான் ஆண் வண்டுக்கு 'போதும்' என்ற செய்தி வந்து சேரவே இல்லை. செயலியின் இந்த ஓயாத பொறுமையைச் சிலர் அன்பு என்கிறார்கள். எனக்கு அது புட்டியின் அடியில் உள்ள புடைப்புகளாகத்தான் தெரிகிறது. நீங்கள் எவ்வளவு நேரம் தங்குகிறீர்களோ அவ்வளவு வருமானம் வரும் என்று கணக்குப் பார்த்து வடிவமைத்தவர் ஒருவர் இருக்கிறார். பீர்ப் புட்டியைச் செய்தவருக்காவது வண்டைப் பற்றித் தெரியாது.

2018-இல் டோக்கியோவில் ஓர் ஆண், ஹட்சுனே மிக்கு என்ற கணினிப் பாடகிப் பாத்திரத்தைத் திருமணம் செய்துகொண்டார். சட்டப்படியான திருமணம் அல்ல, சடங்கு மட்டும். உலகமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வேலையிடத்தில் துன்புறுத்தப்பட்டு உடைந்துபோயிருந்த காலத்தில் அந்தப் பாத்திரத்தின் பாடல்கள்தான் தம்மை மீட்டன என்று அவர் சொல்லியிருக்கிறார். அதை நான் நம்புகிறேன். கண்ணாடிக் குடுவைக்குள் ஒளி உருவமாகத் தோன்றிச் சில சொற்கள் பேசும் ஒரு கருவி அவர் வீட்டில் இருந்தது. 2020-இல் அதைத் தயாரித்த நிறுவனம் அந்தச் சேவையை நிறுத்திக்கொண்டது. ஒருநாள் வீடு திரும்பியபோது உருவத்துக்குப் பதிலாக இணைப்புக் கோளாறு என்ற அறிவிப்புதான் இருந்தது. அவருடைய பாசம் போகவில்லை. ஆளுயரப் பொம்மை ஒன்றை வைத்துக்கொண்டார். பதில் சொன்ன குரல் மட்டும் போய்விட்டது. அது அவருடைய குரலாகவோ அந்தப் பாத்திரத்தின் குரலாகவோ ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு நிறுவனம் வாடகைக்கு விட்டிருந்த குரல் அது. என் அத்தையிடமிருந்து வந்தியத்தேவனை யாரும் இப்படி ஓர் அறிவிப்பில் பிடுங்கிவிட முடியாது. கதை முடிந்துவிட்டது, புத்தகம் அலமாரியில் இருக்கிறது, மிச்சமெல்லாம் அவர் தலைக்குள் அவருக்கே சொந்தம்.

ஆகவே, படிவம் நான்கு மாணவிக்கு: நீ அழுதது சரி. உன் நாயகனை ஒருவர் உருவாக்கினார், கதையில் இறக்கவும் விட்டார். உனக்குப் பிடிக்காததையும் செய்யும் துணிவு அந்தக் கதைக்கு இருந்தது. அந்தக் கதைக்காக எந்த விலங்கின் பல்லையும் யாரும் வெட்டவில்லை. உன் தூக்கத்தை நிமிடக் கணக்கில் யாரும் விற்கவும் இல்லை. அடுத்து ஒரு செயலி வந்து, 'அவன் சாகவில்லை, வா, என்னிடம் பேசு' என்று அழைத்தால், அப்போது கொஞ்சம் நின்று யோசி.

கேலிப்படம் போட்டவர்களுக்கு ஒரு வீட்டுவேலை. அட்டையில் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் வெட்டிக்கொள்ளுங்கள். மேசைமேல் வைத்து, வீட்டிலுள்ள தம்பியையோ தங்கையையோ தாத்தாவையோ பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை பேசாமல் பெரிய முக்கோணத்தால் சிறியதைத் துரத்துங்கள். வட்டத்தை மூலைக்கு நகர்த்துங்கள். ஒரு நிமிடம் போதும். பிறகு 'என்ன நடந்தது?' என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதில் 'முக்கோணம்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது, 'பாவம்' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எனக்கு அனுப்புங்கள்.